கறுப்பு அன்னம் இருக்கிறதாக நான் சொன்னது

1698 மே 12

சமையலறையில் திருடிய மெழுகுவர்த்தித் துண்டு. விரல் நீளம்கூட இல்லை. சுவரில் அலமாரி போலப் பதித்த என் கட்டிலின் மரக்கதவைச் சாத்திக்கொண்டு, பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எங்கேயாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும்.

நான் பொய் சொன்னேன். பெரிய பொய்.

உலகத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற தென்னிலத்தைத் தேடிப் போன கம்பெனிக் கப்பலில் விக்கர்ட் அண்ணன் ஏறி இரண்டு வருஷமாகிறது. போன வாரம் கம்பெனியின் கீழ்த்திசைத் துறைமுகமான பத்தாவியாவிலிருந்து அவன் கடிதம் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மொத்தம் மூன்று வரி. ‘தென்னிலத்தைப் பார்த்தோம். மணலும் ஈயும்தான். எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது.’

அவ்வளவுதான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தாளைப் பார்த்தபடியே மேலும் மேலும் ‘படித்தேன்’. அங்கே ஒரு ஆறு. ஆறு நிறைய அன்னங்கள். எல்லாம் கரி போலக் கறுப்பு. அன்னம் என்றால் வெள்ளைதான், கறுப்பாக ஒன்றை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

அம்மா சிரித்தாள், அழுதாள். மறுநாள் ரொட்டிக்கடையில் சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

என் அப்பா அன்னம் வளர்க்கிறவர். இந்த ஊர்க் கால்வாய்களில் பாதி அன்னங்களின் காலில், யாருடையது என்று காட்ட, அவர் வெட்டிய அடையாளம் இருக்கிறது. வேறு ஏதாவது பறவையைச் சொல்லியிருக்கக் கூடாதா நான்?

மே 14

லெய்ஸ்பெத் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “ஆல்ட்யே, உங்க வீட்டுப் பசு என்ன நீலப் பாலா கறக்குது?” என்றாள். வாத்தியார் சிரிக்கவில்லை. “நாளைக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டு வா” என்றார்.

சாயங்காலம் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அண்ணன் கையெழுத்து. எரியும்போது சுருண்டுகொண்டது.

மே 15

கடிதம் தவறி நெருப்பில் விழுந்துவிட்டது என்றேன். வாத்தியார் நம்பவில்லை. “சரி. உங்க அண்ணன் வரட்டும், அவனையே கேட்டுக்கறேன். பொய்னா, பொய்க்காரின்னு எழுதின பலகையைக் கழுத்துல மாட்டி ஊரைச் சுத்தணும். அதோட உன் படிப்பும் முடிஞ்சுது.”

அப்பா அதற்கு மேல். “அப்புறம் என்னோட உக்காந்து இறகு பிடுங்கட்டும். படிக்க வச்சதாலதான் இந்தக் கொழுப்பு.”

பின்னக் கணக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

ஜூன் 2

சந்தையில் யாரோ அப்பாவிடம், “என்ன தோனிஸ், கறுப்பு முட்டை ஏதாவது போட்டுச்சா?” என்றார்களாம். அப்பா மீன்கூட வாங்காமல் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 9

கப்பல்கள் நம் கடலுக்குள் வந்துவிட்டனவாம். அம்மா ஜன்னலைக்கூட இரண்டு முறை கழுவினாள். நான் முழங்காலிட்டு ஜெபித்தேன்: எதிர்காற்று அடிக்கட்டும். ஒரே ஒரு வாரம்.

ஆகஸ்ட் 11

அடிக்கிறது. உண்மையாகவே அடிக்கிறது. பக்கத்து வீட்டுக் கூரை ஓடெல்லாம் போய்விட்டது. அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை.

கடவுளே, நான் சும்மா சொன்னேன். பலகையை மாட்டிக்கிறேன். சாகிற வரைக்கும் இறகு பிடுங்கறேன். அண்ணனை ஒண்ணும் பண்ணிடாதே. காற்றை நிறுத்து, நிறுத்து.

ஆகஸ்ட் 16

வந்துவிட்டான்! ஒல்லியாக, தாடியோடு, பல் ஒன்று குறைவாக. அம்மா அவன் சட்டையை விடவே இல்லை.

அவனைத் தனியே பிடிக்க நான் பட்ட பாடெல்லாம் வீண்! சூப் ஆறுவதற்குள் வாத்தியார் வந்துவிட்டார், பின்னால் பாதித் தெரு. அப்பா நேராகவே கேட்டார்: “டேய், அங்க அன்னம் என்னடா நிறம்?”

அண்ணனின் கரண்டி அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

“யாரு சொன்னா உங்களுக்கு?” என்றான்.

பிறகு சட்டைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றியிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒரு இறகு. கறுப்பு.

அப்பா விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். சாம்பல் தண்ணீரில் முக்கிக் கசக்கினார். வெளிச்சத்தில் பிடித்து, வளைத்து, முகர்ந்து பார்த்தார்.

“சாயமில்ல. இடது சிறகு. அன்னந்தான்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் என் தலையைத் தட்டினார். கூட்டத்தில் நின்ற லெய்ஸ்பெத்தின் திறந்த வாயில் ஈ போயிருக்கும்.

ஆகஸ்ட் 17

வாத்துக் கொட்டகைக்குப் பின்னால் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“நீயா இட்டுக்கட்டினியா? சத்தியமா?”

“நீ ஏண்டா எழுதல?”

“கறுப்பு அன்னம்னு எழுதினா, அப்பா வீட்டுக்குள்ள விட்டிருப்பாரா?” சிரித்துச் சிரித்து வைக்கோலில் உருண்டான். “பாத்தவன் பயந்து எழுதாம விட்டேன். பாக்காத கழுதை நீ படிச்சுட்ட!”

எழுத்தெல்லாம் கோணிப்போகிறது. சிரிப்பில்.

ஆகஸ்ட் 25

அப்பா அந்த இறகைத் தொப்பியில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போகிறார். மீன் வாங்கிவர இரண்டு மணி நேரமாகிறது.

அண்ணன் வசந்தத்தில் மறுபடி கப்பலேறுகிறானாம். அதைச் சொன்னபோது அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே என்னிடம் சொன்னாள்: “இந்தத் தடவையும் நீதாண்டி படிக்கணும்.”

“உள்ளதை மட்டும் படிக்கிறேம்மா.”

“மூணு வரிக் கடிதத்தைக் கஞ்சி அடிபிடிக்கிற வரைக்கும் படிச்சவ. எனக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும்.” ஒரு பட்டாணியை என் வாயில் போட்டாள். “அவன் கொஞ்சமா எழுதினா, நீ நிறையப் படி.”

இன்று படுக்க வந்தபோது தலையணைக்கடியில் ஏதோ உறுத்தியது. முழு மெழுகுவர்த்தி, புத்தம் புதியது. நான் வைக்கவில்லை.