எந்தக் கண்டன்சர் போடட்டும்?

பெங்களூர்
20.9.1987

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

காந்தா எழுதுவது. நான் சுகம். ஹாஸ்டல் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்பதைத் தவிர வேறு குறையில்லை. அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? பசியாவரத்தில் மழை ஆரம்பித்துவிட்டதா?

உங்கள் கிடாருக்கு நீங்கள் ஆசைப்பட்ட வால்வு ஆம்ப்ளிஃபயரை ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ரேடியோ கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய செட்டுகளை, லைன் மெக்கானிக் மாணிக்கம் அண்ணன் மேலே சொல்லி வாங்கித் தந்தார். நான்கு வால்வும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் தேறின. சாப்பாட்டு நேரத்தில் தகட்டில் ஓட்டை போடுகிறேன். பக்கத்து பெஞ்சு சாந்தி, “இன்னா காந்தா, ஊர்ல எல்லாரும் புருஷனுக்கு ஸ்வெட்டர் பின்றாங்க, நீ டப்பா பின்றே” என்று சிரிக்கிறாள்.

ஒரு இடத்தில்தான் குழப்பம். முதல் வால்வில் பெருகும் சத்தத்தை அடுத்த வால்வுக்குக் கடத்தும் கண்டன்சர். அது பாட்டை மட்டும் விட வேண்டும், இருநூறு வோல்ட் டி.சி.யைத் தடுக்க வேண்டும். பழைய செட்டிலிருந்த காகிதக் கண்டன்சர்கள் கசிகின்றன. அதைப் போட்டால் அடுத்த வால்வு சிவந்து செத்துவிடும். புதிதாகப் பாலியெஸ்டர் வாங்கலாம், ஆனால் என்ன அளவு? 0.1 மைக்ரோ போட்டால் அடித்தந்தி முழுதாக வரும். 0.01 என்றால் அடிச்சத்தம் மெலிந்துவிடும். நடுவில் 0.022 இருக்கிறது. உங்கள் காதுக்கு எது வேண்டும்?

ஹோட்டல் ஆர்கெஸ்ட்ராக்காரர் தை மாதம் உங்களைச் சேரச் சொல்கிறார். சொந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தால் போதுமாம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நாம் ஒரே கூரையில் இருந்தது எத்தனை நாள் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். எழுதினால் உங்களுக்கும் கஷ்டம், வேண்டாம்.

உங்கள்
காந்தா


பசியாவரம்
1.10.1987

அன்புள்ள காந்தாவுக்கு,

பூபதி. எல்லோரும் சுகம். உன் கடிதத்தை நைனாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நைனா, “இதுல எதுனா ஒரு வார்த்தை உனக்குப் புரியுதாடா?” என்று கேட்டார். புரிகிறது என்றேன். “அப்ப நல்ல பொண்ணுதான்” என்றார்.

0.1 வேண்டவே வேண்டாம். பொன்னேரிக் கல்யாணத்தில் வாடகை ஆம்ப்ளிஃபயர் வைத்தார்களே, ஞாபகமிருக்கிறதா? அடித்தந்தியைத் தட்டினால் சாக்குமூட்டையை உதைத்த மாதிரி இருந்தது. 0.01 போட்டால் கொசு கத்தும். 0.022 சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் காதால் கேட்காமல் முடிவு செய்யாதே. செராமிக் வில்லைக் கண்டன்சரை மட்டும் அந்த இடத்தில் வைக்காதே, ரேடியோவில் அதன் கரகரப்பைக் கேட்டிருக்கிறேன்.

நீ கேட்காத ஒன்றும் சொல்கிறேன். நம் டேப் ரிக்கார்டர் கால் சுருதி இறங்கி ஓடியது. அம்மா இல்லை என்றாள். பேட்டரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஊரில் யாரும் நம்பவில்லை. நீ நம்புவாய்.

நைனாவின் பங்காளி ஊருக்குப் போயிருப்பதால் நாளையிலிருந்து நானும் படகில் மீனுக்குப் போகிறேன். பத்து நாள்தான். தை மாதம் வந்துவிடுவேன். கம்பளி வாங்கி வை.

அன்புடன்
பூபதி


பெங்களூர்
14.10.1987

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னதும் நம்பிவிட்டேன். கால் சுருதிதான் இறங்கியிருக்கும்.

இப்போது பவர் பகுதிக்குப் பெரிய கண்டன்சர். வால்வு சூடாகி கரண்ட் இழுக்கத் தொடங்கும்வரை வோல்ட் எகிறி நிற்கிறது, மீட்டரில் முந்நூற்று எழுபது பார்த்தேன். அதனால் 350 வோல்ட்டுக்கு எழுதியது தாங்காது. 450 வாங்கப் போகிறேன். 16 மைக்ரோ போதுமா, 32 போடட்டுமா? 32 போட்டால் உறுமல் குறையும். 16 போட்டால் அழுத்தி வாசிக்கும்போது சத்தம் கொஞ்சம் அமுங்கி எழும், சிலருக்கு அதுதான் பிடிக்கும் என்கிறார் மாணிக்கம் அண்ணன். உங்களுக்கு?

படகில் பார்த்துப் போங்கள்.

உங்கள்
காந்தா


பசியாவரம்
5.11.1987

காந்தாவுக்கு,

சுகம். மழை பெய்கிறது. அம்மா சுகம். நைனா சுகம்.

16 போட்டாலும் சரி, 32 போட்டாலும் சரி. உனக்குத் தோன்றுவதைப் போடு. தாமதமாக எழுதியதற்கு மன்னிக்கவும், படகு வேலை அதிகம். கிடார் தினமும் வாசிக்கிறேன்.

பூபதி


பெங்களூர்
28.11.1987

அன்புள்ள உங்களுக்கு,

32 போட்டேன். ஆம்ப்ளிஃபயர் பேசுகிறது. முதல் நாள் ஸ்விட்ச் போட்டபோது சாந்தி மேஜைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கடத்தும் கண்டன்சரை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. இதனோடு ஒரு கேசட் அனுப்புகிறேன். கிடார் கொஞ்சம் தெரிந்த மாணிக்கம் அண்ணன் ஒரே பாட்டை மூன்று முறை வாசித்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று என் குரலில் சொல்லியிருக்கிறேன். எது எந்த அளவு என்று சொல்லமாட்டேன். கேட்டுவிட்டு எழுதுங்கள். முடிந்தால் கூடவே வாசித்துப் பார்த்தும் எழுதுங்கள்.

கம்பெனியில் குவார்ட்டர்ஸ் தருகிறார்கள். ஜனவரி கடைசிக்குள் ஃபாரம் கொடுக்க வேண்டும். ஒருவரா, குடும்பமா என்று கேட்டிருக்கிறார்கள்.

வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அதையும் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும்.

உங்கள்
காந்தா


பசியாவரம்
20.12.1987

காந்தாவுக்கு,

கேசட் வந்தது. கேட்டேன். இரண்டாவது நன்றாக இருக்கிறது. அடித்தந்தி தெளிவாக வருகிறது. கூடவே வாசித்தும் பார்த்தேன், பொருந்துகிறது. அதையே போடு.

இங்கே இறால் நன்றாகப் படுகிறது. நைனாவைத் தனியாக விட முடியாது. ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் தை வேண்டாம், பங்குனியில் பார்க்கலாம் என்று சொல். சொல்ல வேறு எதுவும் இல்லை.

பூபதி


பெங்களூர்
6.1.1988

உங்களுக்கு,

மூன்றும் ஒரே கண்டன்சர். நான் மாற்றவேயில்லை. அண்ணனும் மாற்றி வாசிக்கவில்லை. அவர் ஒரு முறை வாசித்ததையே மூன்று தடவை பதிந்து அனுப்பினேன்.

கால் சுருதி இறங்கினால் கண்டுபிடிப்பவருக்கு இது தெரியாமல் போகாது. “இன்னாடி ஏமாத்துறே, மூணும் ஒண்ணுதானே” என்று ஒரு வரி வரும், அதன் கூடவே மற்றதும் வரும் என்று நினைத்தேன். இரண்டாவது நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கையைப் பற்றி எனக்கு அக்டோபர் கடைசியிலேயே தெரியும். பால்வாடி டீச்சர் லோகநாயகியிடம் சொல்லி அத்தை எழுதவைத்தார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே டீச்சர் எழுதியிருந்தார்கள்: “முகத்துவாரத்தாண்ட படகு கரையேத்தும்போது கயிறு இடது மணிக்கட்டைச் சுத்தி இறுக்கிக்கிச்சும்மா. எலும்பு உடையல, நரம்பு நசுங்கிப் போச்சுன்றாங்க. மூணு விரல் மரத்துப்போய்க் கிடக்குது. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினான். நான் சொன்னேன்னு சொல்லாத.”

அத்தையின் வார்த்தையை இன்று மீறுகிறேன். அவர்களைத் திட்டாதீர்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது போர்டு பற்றவைத்தேன். ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை. அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். சாந்தி ஏதாவது சொன்னால் சிரிக்கிறேன். வருவதற்குப் புறப்பட்டு இரண்டு முறை லீவு எழுதிக் கிழித்தேன். நீங்களே சொல்லாத ஒன்றை நான் வந்து எதிரில் நின்று பார்த்தால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று தோன்றியது.

காட்டூரில் என் பிறந்த வீட்டில் இன்னும் என்னோடு பேச்சில்லை. எல்லோரையும் எதிர்த்து உங்களைக் கட்டிக்கொண்டது உங்கள் விரலுக்காக இல்லை. கேசட் அனுப்பியது தப்பென்றால் தப்புதான். ஆனால் நீங்கள் “தினமும் வாசிக்கிறேன்” என்று எழுதினீர்களே, அதைப் படிக்கப் படிக்க, யாரோ ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றே இருந்தது.

ஃபாரத்தில் ஒருவர் என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. இனிமேல் கண்டன்சரைப் பற்றி எழுதாதீர்கள்.

காந்தா


பசியாவரம்
16.1.1988

காந்தா,

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. பழவேற்காடு பஜாரில் வாங்கி, படகில் வரும்போது படித்தேன்.

முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி. அம்மா சொன்னபடிதான் நடந்தது. கயிற்றை அறுத்து எடுத்தபோது வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அன்று சாயந்திரம் கிடாரை எடுத்தேன். தந்தியை அழுத்துகிறேனா இல்லையா என்று விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், வந்தாலும் வரலாம், ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார்கள். பேனா பிடிப்பது வலது கை. அதனால் உன்னிடம் மறைப்பது சுலபமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒவ்வொரு நாளும் போயிற்று. எனக்கு எதுவுமே பெரிதாகத் தோன்றவில்லை. நைனா படகை விட்டு இறங்கி அழுதபோதும் தோன்றவில்லை.

இப்போது கேசட். மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது. திருப்பித் திருப்பிப் போட்டேன், பேட்டரி தீர்ந்துபோகும்வரை. புது பேட்டரி போட்டும் கேட்டேன். ஒன்றுதான். விரலோடு காதும் போய்விட்டது என்று முடிவு செய்தேன். உன்னிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும், நடுவில் இருப்பதைச் சொன்னேன். அன்றே கிடாரைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தேன். அதன்பிறகு நைனா நான்கு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவேன். காது செத்தவன் அப்படித்தானே இருப்பான் என்று இருந்தேன்.

உன் முதல் வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. காந்தா, இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. பசிகூட ஒழுங்காக வந்ததில்லை. படகில் எழுந்து நின்று கத்தினேன். கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறவன் உட்காரச் சொல்லித் திட்டினான். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை வீசினேன். அம்மா ஓடிவந்து, “இன்னாடா ஆச்சு?” என்றாள்.

“ஒண்ணும் இல்லம்மா, காது கேக்குது” என்றேன்.

அவள் என்ன புரிந்துகொண்டாளோ, தட்டை எடுத்துக் கழுவி மறுபடியும் சோறு போட்டாள். உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டேன். சத்தியத்தை மீறியதற்கு அவளை ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் நான் வாசிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிடு. பங்குனி என்று சொல்லாதே, இல்லை என்றே சொல். ஆம்ப்ளிஃபயரை மாணிக்கம் அண்ணன் வாசிக்கட்டும், சும்மா வைத்திருக்காதே. நைனாவின் பங்காளி திரும்பி வந்துவிட்டார், படகுக்கு ஆள் இருக்கிறது. அங்கே கேட் காவலோ, மூட்டை எண்ணுவதோ, ஒரு கையும் இரண்டு விரலும் இருக்கிறவனுக்கு என்ன வேலை உண்டோ விசாரித்து வை.

ஃபாரத்தில் ஒருவர் என்று எழுதியதை அடித்துவிட்டு இரண்டு பேர் என்று எழுது. 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயந்திர ரயிலில் வந்து இறங்குகிறேன்.

என்னை ஏமாற்றினாயே என்ற கோபம் இன்னும் தீரவில்லை. கோபத்தோடுதான் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில்.

பூபதி