பத்து சதவீதப் படை

மார்ச் 3

எதிரே புதிதாக வந்த மெத்தைக் கடையில் இன்று ஏசி போட்டுவிட்டார்கள். என் கடை வாசல் வரை வந்தவர்கள்கூட ரோட்டைக் கடந்து அங்கே போய்ப் படுத்துப் பார்க்கிறார்கள். மத்தியானம் வரை எனக்கு விற்றது இரண்டு தலையணை. அதில் ஒன்று, என்னிடம் பில் போடுகிற அம்மா இரக்கப்பட்டு வாங்கியது.

போன வாரம் வெளியூரில் ஒரு செருப்புக் கடையில் பார்த்த பலகை ஞாபகம் வந்தது. ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. இந்த ஊரில் அப்படி எத்தனை பேர்? ராணுவத்தில் இருந்தவர்கள் சங்கத்தில் ஆறு பேர். அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தானோடு ஏழு. ஏழு பேரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மெத்தை வாங்கினால் அதிகம். ஆனால் பலகையை ஊரே படிக்கும். நாட்டுப்பற்று இதைவிட மலிவாகக் கிடைக்காது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "ஏழு பேருக்கு ஒரு பலகையா?" என்றாள்.

ஏழே பேர் என்பதால்தானே பலகை!

மார்ச் 6

பலகையில் என்ன எழுதுவது என்று பெயின்டர் கேட்டார். சங்கத்தில் கேட்டு வரப் போனேன். போயிருக்கக் கூடாது.

'முன்னாள்' என்று எழுதினால் செயலாளர் கடைப்பக்கமே வர மாட்டாராம். "சீருடையைக் கழட்டினேன், தோலையா கழட்டினேன்? முன்னாள்னா என்ன அர்த்தம்?" பொருளாளருக்கோ 'வீரர்' என்ற வார்த்தையே ஆகாது. அவர் இருபது வருஷம் ராணுவ ஸ்டோரில் பூட்ஸ் எண்ணியவர். "பூட்ஸ் எண்ணுனவனை வீரர்னு சொன்னா பேரன் சிரிக்கிறான்" என்கிறார். இந்தச் சண்டை பதினோரு வருஷமாக நடக்கிறதாம். ஆறு பேர் சங்கத்துக்கு இரண்டு லெட்டர்பேடு.

செருப்புக் கடைக்காரன் எழுதியதையே எழுதச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

பலகை ஏறியது. சாயங்காலத்துக்குள் பத்தொன்பது ராணுவத்தினர்.

மார்ச் 11

இன்று முப்பத்தி நான்கு பேர். ஒருவர் முகாமுக்கு வெங்காய லாரி ஓட்டியவர். "நான் போகலைன்னா அவங்க சாப்பிட்டிருப்பாங்களா?" என்கிறார். ஒரு தையல்காரர் சீருடைக்குப் பட்டன் தைத்தவர். இன்னொருத்தன் ஆள் எடுப்புக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் தேறாதவன். அவன் வாதம்தான் என்னைக் கவிழ்த்தது. "ஒரே தடவையில உள்ளே போனவனுக்கு ஆசை ஒரு பங்குன்னா எனக்கு மூணு பங்கு இல்லையா அண்ணாச்சி?" தள்ளுபடி கொடுத்துவிட்டேன். வியாபாரத்துக்கு வந்து முப்பத்தி ஒரு வருஷத்தில் என்னை இப்படி வாயடைத்தவன் கிடையாது.

மார்ச் 12

இந்த ஊரில் இருக்கிற படைக்கு, அடுத்த ஊரை இன்னும் பிடிக்காமல் விட்டுவைத்திருப்பது நம் பெருந்தன்மை.

மார்ச் 14

கடைத்தெரு முனையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் வந்தார். பேச்சு குறைவு. ஒற்றை மெத்தை ஒன்றில் படுத்துப் பார்த்தார், எழுந்தார், கலைந்த விரிப்பைச் சரி செய்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மூலையையும் காகிதம் மடிக்கிற மாதிரி மடித்துச் சொருகினார். முப்பது வருஷமாக மெத்தை விற்கிற எனக்கே அந்த மடிப்பு வராது.

ராணுவத்தில் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று கேட்டேன். பதினேழு என்றார். சங்கத்தில் அவர் பெயர் இல்லை. இருபது வருஷமாக அவரிடம் பூட்டு கொடுக்கிறேன், எனக்கே தெரியாது. மெத்தைக்கு முழு விலையையும் எண்ணி வைத்தார்.

"பலகையைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் முழு விலை கொடுக்கறீங்க?"

"மெத்தை அந்த விலைக்குச் சரியாத்தானே இருக்கு."

என் மெத்தையைப் பற்றி இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாச்சு. போகிறபோது, பொய் ஆட்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டேன். "நம்பர் கேளுங்க. ராணுவத்துல ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணு கொடுப்பாங்க. தூங்கறவனை எழுப்பிக் கேட்டாலும் வரும்" என்றார்.

தூங்கறவனை எழுப்பி! கடை முழுக்க மெத்தையை வைத்துக்கொண்டு எனக்கு இது தோன்றவில்லையே.

மார்ச் 16

ஜன்னலோரம் ஒரு மெத்தையைப் பரீட்சைக்கென்று ஒதுக்கிவிட்டேன். தள்ளுபடி கேட்கிறவர் அதில் படுத்துக் கண்ணை மூட வேண்டும். அசந்து வரும் நேரம் காதருகில் "நம்பர்!" என்று ஒரு அதட்டல். உடனே வந்தால் பத்து சதவீதம். திருதிருவென்று முழித்தால் முழு விலை.

அதட்ட ஆள் வேண்டுமே. அத்தானைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அத்தானைக் கடைத்தெரு முழுக்கக் கர்னல் என்றுதான் கூப்பிடும். அவர் வேலை பார்த்தது எடைமேடையில், முப்பது வருஷம் லாரிகளை எடை போட்டவர். ஆனால் அதற்கு முன்னால் பனிமலையில் காவல் நின்றவர். அந்தக் கதையைக் கேட்காதவர் இந்தத் தெருவில் இல்லை. எனக்கு அந்தக் கதை வெறும் கதையும் இல்லை. பத்தொன்பது வயசில் தள்ளுவண்டியில் தலையணை விற்றபோது, மார்க்கெட் குத்தகைக்காரனின் ஆட்கள் என் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அக்காவைக் கட்டி அப்போது ஒரு வருஷம். அத்தான் காக்கி போட்டுக்கொண்டு தனியாகப் போய் அவர்கள் நடுவில் நின்று, "ராணுவத்திலிருந்து வந்திருக்கேன். வண்டியை எடு" என்றார். எடுத்துக்கொடுத்தார்கள். அன்று வண்டி திரும்பாவிட்டால் இன்று இந்தக் கடை இல்லை. வண்டியில் அடித்திருந்த லைசென்ஸ் தகடு இன்னும் என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "சரி மச்சான்" என்றார்.

மார்ச் 22

அமோகம். பரீட்சை பார்க்கவே கூட்டம் வருகிறது. வெங்காய லாரி, கேஸ் கனெக்‌ஷன் நம்பரைச் சொன்னார். தையல்காரர் மாமியார் வீட்டு டெலிபோன் நம்பர். ஒருத்தர் அத்தான் அதட்டியும் எழுந்திருக்கவில்லை, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து அந்த மெத்தையையே முழு விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

சங்கத்து ஆறு பேரும் தேறினார்கள். செயலாளர் படுத்தபடியே சல்யூட் அடித்தார்.

மார்ச் 25

எதிர்க் கடையில் பலகை: ராணுவத்தில் இல்லாதவர்களுக்குப் பன்னிரண்டு சதவீதம்.

மார்ச் 27

காலையில் இங்கே ராணுவத்தில் இருந்தேன் என்று சத்தியம் செய்தவன் சாயங்காலம் அங்கே இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். எதிர்க் கடைக்காரன் இல்லாததை எப்படிப் பரீட்சை செய்வது என்று தெரியாமல் முழிக்கிறானாம். இன்று ஆள் விட்டு என்னிடமே யோசனை கேட்டான்.

ஏப்ரல் 2

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குச் சங்கத்து ஆறு பேரும் மாலையோடு வந்தார்கள். அத்தானைத் தலைவராக்கப் போகிறார்களாம். இரண்டு கோஷ்டியும் ஒத்துப்போகிற ஒரே ஆள் கர்னல்தானாம். செயலாளர் உறுப்பினர் படிவத்தைப் பிரித்தார். ஊர், வயசு எல்லாம் எழுதிக்கொண்டு, "நம்பர்?" என்றார்.

கடையில் இருபது பேர். எல்லோரும் சிரிப்போடு பார்க்கிறார்கள், பரீட்சைக்காரருக்கே பரீட்சை என்று. அத்தான் கண்ணை மூடவில்லை. தடுமாறவுமில்லை. கணீரென்று சொன்னார். "நாலு ஒண்ணு ஏழு பூஜ்யம் ஆறு."

எங்கேயோ கேட்ட நம்பர். இல்லை, தினமும் பார்க்கிற நம்பர். என் தலைக்கு மேலேதான் தொங்குகிறது. தள்ளுவண்டி லைசென்ஸ், 41706.

நான் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். தகடு என் பின்மண்டையில் குத்துகிறது. அவர்கள் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், காபி குடித்தார்கள், 'முன்னாள் தலைவர்' என்று சொல்லலாமா என்று சண்டை போட்டார்கள். அரை மணி நேரம் நான் அசையவில்லை. போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், முதுகில் பிடிப்பு என்றேன். "மெத்தைக் கடைக்காரருக்கே முதுகுவலியா" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

படிவத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்களாம். அங்கே பதிவேட்டில் நம்பரைச் சரிபார்த்துத்தான் அட்டை வருமாம். செயலாளர், பொருளாளர் இரண்டு பேர் கையெழுத்தும் விழ வேண்டும். அதுவரை சங்கத்து இரும்பு அலமாரியில் இருக்கும்.

பூட்டுக்காரர் ஷட்டருக்கு எண்ணெய் போட வந்தவர், ஒரு ஓரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "இனிமே நேரா நிக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 3

அக்காவிடம் போனேன். சுற்றி வளைக்கவில்லை, நேராகக் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை.

"பத்தொன்பது நாள் இருந்தாருடா. பயிற்சி முகாம்ல. தூக்கத்துல எழுந்து நடப்பாரு. மூணாம் தடவை அதிகாரி அறைக்குள்ளயே போயி அவர் கட்டில்ல படுத்துட்டாராம். இந்த ஆளு கையில துப்பாக்கியைக் கொடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க."

பனிமலை?

"காலண்டர்ல இருந்துச்சு."

அன்றைக்குப் போட்ட காக்கி? பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டருடையதாம். விசில் பையிலேயே இருந்ததாம். குத்தகை ஆட்கள் நடுவில் நின்றபோது அது விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டே பேசினாராம். உள்ளே துப்பாக்கி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"கர்னல்னு அவர் சொல்லலைடா. அவங்க சொன்னாங்க. மறுத்தா உன் வண்டியை மறுபடி புடுங்குவாங்கன்னு சும்மா இருந்தாரு. அப்புறம் மறுக்க நேரமே வரலை." மடித்த துணியை என் கையில் திணித்தாள். "இப்ப வெளிய தெரிஞ்சா மனுஷன் வாசப்படி தாண்ட மாட்டாருடா. ஏதாவது பண்ணு."

என்னால்தான் இது. என் பத்து சதவீதத்தால். அவர் முப்பது வருஷமாகச் சும்மா இருந்த இடத்தில் நான்தான் பலகை போட்டேன், மெத்தை போட்டேன், அதட்டவும் வைத்தேன்.

ஏப்ரல் 4

தகட்டைக் கழற்றி டிராயரில் வைத்தேன். ஆணி மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 7

நல்லவேளை, எந்த லெட்டர்பேடில் அனுப்புவது என்று இன்னும் சண்டை.

ஏப்ரல் 10

சண்டை தீர்ந்துவிட்டது. இரண்டிலும் அனுப்புகிறார்களாம். இன்று கையெழுத்துப் போட அலமாரியைத் திறக்கப் போனால் சாவி நுழையவில்லை. பூட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு, உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது, இந்த மாடல் பூட்டுக்குப் பாகம் வர மூன்று மாதம் ஆகும் என்றாராம்.

அவர் கடைக்குப் போய் நின்றேன். ஒரு சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதம் ஆகிற பூட்டு எதுவும் உலகத்தில் கிடையாது, எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"எனக்காகப் பொய் சொன்னீங்களா?" என்றேன்.

"உங்களுக்காக இல்லை. ராணுவ நம்பர்னா அதுல ரெண்டு எழுத்து குறையுது. ஆனா அவர் சொன்ன விதம் சரியா இருந்துச்சு." அரத்தை ஊதினார். "தூங்கறவனை எழுப்பிக் கேட்டாலும் வர்ற நம்பர்தான் அது."

ஏப்ரல் 13

பலகையை இறக்கிவிட்டேன். புதுப் பலகை: படுத்துப் பார்க்கிற எல்லோருக்கும் ஐந்து சதவீதம். பெயின்டர், "யுத்தம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

அத்தானிடம் இனிப் பரீட்சை இல்லை என்றேன். ஆணியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஏப்ரல் 16

அத்தான் சங்கத்துக்குத் தானே நடந்துபோய், பத்தொன்பது நாள்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டாராம்! தூக்கத்தில் நடந்தது, அதிகாரி கட்டில், எல்லாம். செயலாளர் இன்று கடைக்கு வந்து சொன்னார். என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன்.

முடிவாகவில்லையாம். பத்தொன்பது நாள் இருந்தவரை என்னவென்று அழைப்பது என்று இரண்டு கோஷ்டியும் மோதிக்கொண்டிருக்கின்றன. பூட்ஸ் வாங்கினாரா என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். வாங்கினார், திருப்பியும் கொடுத்தார். அப்படியானால் கணக்கில் அவர் உண்டு என்பது பொருளாளர் கட்சி. தலைவர் பதவி தீர்ப்பு வரும்வரை காலி. சாயங்காலம் வந்து தேநீர் குடிக்க மட்டும் அனுமதித்திருக்கிறார்கள்.

அத்தான் சொன்ன கையோடு பூட்டுக்குப் பாகமும் வந்துவிட்டதாம். அலமாரி திறந்துகொண்டது.

ஏப்ரல் 20

அத்தான் கடைக்கு வந்தார். மேஜைக்கு எதிரே உட்காரவில்லை, வாடிக்கையாளர் மாதிரி நின்றார். ஒரு தலையணை வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். பில் போடுகிற அம்மா வழக்கப்படி பத்து சதவீதம் கழித்து எழுதினாள்.

"அதை அடிச்சிட்டு முழுசா போடும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து சதவீதமாவது கழிக்கலாமே, அது எல்லோருக்கும் உண்டுதானே என்றேன். படுத்துப் பார்க்கவில்லையே என்றார். அவள் புது பில் எடுத்து, பழக்கத்தில் மேலே 'கர்னல்' என்று எழுதப் போனாள். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எடைமேடைன்னு எழுது."

பணத்தை எண்ணி வைத்தார். தலையணையை இடுக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்தத் தகடு எங்கே மச்சான்?"

டிராயரில் இருக்கிறது என்றேன்.

"எடுத்து மாட்டு. வெறும் ஆணி நல்லா இல்லை."

மாட்டிவிட்டேன்.