பதினாலாம் நம்பர் பை

ஜூலை 1, செவ்வாய்

புதுக் கோச் வந்துவிட்டார். காலை ஏழு மணிக்குச் சலவை அறைக்குத் தானே வந்து, தன் துணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காலுறையைக்கூட நேராகத் திருப்பி வைத்திருக்கிறார். இந்த ஃபுட்பால் கிளப்பில் நான் எட்டு வருஷமாகத் துவைக்கிறேன். எந்தக் கோச்சும் காலுறையைத் திருப்பித் தந்ததில்லை. உருண்டையாகச் சுருட்டித்தான் வரும்.

இது நல்லதுக்கா கெட்டதுக்கா? காலுறையில் இவ்வளவு பார்க்கிறவர் ஆள் விஷயத்தில் எவ்வளவு பார்ப்பார்?

இப்போது முப்பத்துநாலு பேர் இருக்கிறார்கள். இருபத்தைந்து போதும் என்று சொல்லிவிட்டாராம். ஒன்பது பேர் போக வேண்டும். என் மகன் பதினாலாம் நம்பர்.

என் வீட்டுக்காரர் போய் இன்றோடு நூற்று அறுபத்திரண்டு நாள்.

ஜூலை 2, புதன்

எட்டாவதோடு நின்றவள் நான். பேச ஆள் இல்லை என்றுதான் எழுதுகிறேன். மகனிடம் பேசலாம். அவனுக்கே ஆயிரம் கவலை.

அவனுக்கு இருபத்தெட்டு வயசு. இடது பக்கம் டிஃபென்ஸ். அவன் அப்பா போன பிறகு ஆடிய ஆறு ஆட்டத்தில் ஒன்றில் நம் கோலிலேயே அடித்துவிட்டான். அடுத்த வாரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இங்கே வேண்டாமென்றால் இந்த வயசில் வேறு யார் எடுப்பார்கள்?

கேட்டால், "விடும்மா, பாத்துக்கலாம்" என்கிறான். பாத்துக்கலாம் என்று சொல்லும்போது தட்டையே பார்க்கிறான்.

ஜூலை 3, வியாழன்

தகடு விஷயத்தையும் எழுதி வைக்கிறேன்.

உடை மாற்றும் அறையில் ஆளுக்கு ஒரு கொக்கி. கொக்கிக்கு மேல் நம்பர் போட்ட பித்தளைத் தகடு. இந்த கிளப்பில் யாரை எடுத்தோம், யாரை விட்டோம் என்று தாளில் ஒட்ட மாட்டார்கள். ஒரு உறையில் நம்பர்களை எழுதி, ஆட்டக்காரர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், ஜெர்சி அறைக்குக் கொடுப்பார்கள். ஜெர்சி அறைக்காரர் அந்தத் தகடுகளைக் கழற்றி வைக்க வேண்டும். வந்து பார்ப்பவனுக்குத் தன் தகடு இருந்தால் இருக்கிறான். இல்லையென்றால் இல்லை.

பத்தொன்பது வருஷம் என் வீட்டுக்காரர்தான் கழற்றினார். அந்த நாளில் சாப்பிட மாட்டார். யார் யார் என்று என்னிடம்கூடச் சொல்ல மாட்டார். "திருகாணி துருப்பிடிச்சிருக்கு" என்பார், அவ்வளவுதான்.

இப்போது அந்த அறைச் சாவியும் என்னிடம்தான்.

ஜூலை 4, வெள்ளி

தராசு ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தொட்டால் சிவப்பில் எண் வருகிறது. கோச்சோடு வந்திருக்கும் பெண் சொன்னாள், பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவர் துணிப் பையையும் துவைப்பதற்கு முன் நிறுத்து எழுத வேண்டுமாம். ஜெர்சி, டிராயர், பனியன், காலுறை எல்லாம் வலைப் பைக்குள்ளேயே இருக்கும். காய்ந்த பை ஐந்நூறு கிராம். மிச்சம் வேர்வை.

எதற்கென்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என்னோடு துணி மடிக்கிறவளை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தெரியாத சேதி கிடையாது. "அக்கா, இதுதான் பரீட்சையே. எவன் உழைக்கிறான், எவன் ஓபி அடிக்கிறான்னு வேர்வை சொல்லிடுமாம். பை கனமா இருந்தா உள்ளே, லேசா இருந்தா வெளியே."

"யாரு சொன்னது?"

"கோல்கீப்பர் சொன்னாரு. அவருக்கு டிரைவர் சொன்னாரு."

ஜூலை 7, திங்கள்

முதல் நாள் எடை. கேப்டன், எட்டாம் நம்பர், ஆயிரத்து நூற்று ஐம்பது. பாக்கிப் பேர் தொள்ளாயிரம், ஆயிரம்.

என் மகன் ஐந்நூற்று எழுபது.

மூன்று தடவை நிறுத்தேன். தராசைத் துடைத்துவிட்டு நிறுத்தேன். ஐந்நூற்று எழுபதுதான்.

அவன் அப்பாவுக்கும் வேர்க்காது. கல்யாணமான புதிதில், இந்த மனுஷன் வேலைக்குத்தான் போகிறாரா என்று சந்தேகப்பட்டேன். நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்தாலும் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்பார். "உங்க துணிய துவைக்கிறதும் ஒண்ணு, துவைக்காததும் ஒண்ணு" என்பேன்.

இதையெல்லாம் தராசிடம் சொல்ல முடியுமா?

ஜூலை 8, செவ்வாய்

ஐந்நூற்று அறுபது. கதவருகே நின்று பயிற்சியைக் கொஞ்சம் பார்த்தேன். ஓடத்தான் ஓடுகிறான். ஆனால் நான் பார்த்த பத்து நிமிஷம் ஓடினான். பார்க்காதபோது?

பெற்றவள் இப்படியா நினைப்பாள்.

ஜூலை 9, புதன்

செய்துவிட்டேன்.

ரேடியோ டீ வாங்கப் போயிருந்தாள். குழாயடியில் பையைப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் விட்டேன். எண்ணூற்று இருபது. எழுதும்போது எண் கோணலாக வந்தது. அடித்துத் திருத்தாமல் விட்டேன்.

யாருக்கு என்ன நஷ்டம்? யார் வேர்வையையும் நான் குறைக்கவில்லையே.

ஜூலை 10, வியாழன்

இன்று தொள்ளாயிரத்து அறுபது. அந்தச் சிவப்பு எண்ணைப் பார்க்க ஆசையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

வானம் மூடியிருந்தது. காற்று நன்றாக அடித்தது. எல்லார் பையும் லேசு. கேப்டனுடையதே எண்ணூறு. நான் அதைக் கவனிக்கவில்லை. அவனுடையதைத்தான் முதலில் நனைத்தேன், வழக்கமான அளவு, கொஞ்சம் கூடவே. ஆயிரத்து இருபது. எழுதி முடித்த பிறகு மற்றவற்றை நிறுத்தேன். முப்பத்துநாலில் அவன் பைதான் கனம்.

அடித்தால் தெரிந்துவிடும். அப்படியே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

இன்று முதல் தேர்வு ஆட்டம். நமக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து ஆடுவார்கள். மகனை ஆட விடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குப் பரிசோதனையாம்.

"எனக்கு என்னம்மா? நல்லாத்தானே இருக்கேன்?" என்று என்னிடம் கேட்கிறான். என்னிடம்!

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லவேளை.

ஜூலை 13, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் எனக்கு வேலை போகும். போகட்டும். அவனையும் சேர்த்து அனுப்பிவிட்டால்? அம்மாக்காரி ஏமாற்றினாள், மகனுக்குத் தெரியாமலா இருக்கும் என்றுதானே நினைப்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

சொல்லாவிட்டால்? பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரும். வந்துவிட்டால் சரியாகிவிடும். சரியாகிவிடுமா?

ஜூலை 14, திங்கள்

கோச் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் முப்பத்துநாலு சீட்டு. வேறொன்றும் இல்லை. பென்சிலைக் காதில் செருகியிருந்தார். நான் எழுதிய தாள்கள் அவர் முன்னால் இருந்தன.

"உக்காருங்கம்மா. உங்க மகனுக்கு வேர்வையே வராது. மூணு நாள்ல இவ்வளவு ஏறியிருக்கு. வெள்ளிக்கிழமை காத்து அடிச்ச அன்னிக்குக்கூட. வீட்ல மயக்கம், கைவலி ஏதாச்சும் சொன்னானா?"

"இல்ல சார்."

"அவங்க அப்பாவுக்கு நெஞ்சுலதான் வந்துச்சுன்னு சொன்னாங்க. அன்னிக்கு அவருக்கு இப்படி வேர்த்துதா?"

அந்த நாளைப் பற்றி எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அன்று மத்தியானம் ஜெர்சி அறையில் பெஞ்சில் உட்கார்ந்து காலுறை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "அட, உங்களுக்கும் வேர்க்குமா! கழட்டிக் கொடுங்க, மெஷின்ல போட்டுடறேன்" என்றேன். வேறு சட்டை எடுத்துக் கொடுத்தேன். ஈரச் சட்டையை எடுத்துக்கொண்டு போய் மெஷினில் போட்டேன். மெஷின் நிற்கிறதுக்குள்ள அவர் போயிட்டார்.

துவைச்சே முடிச்சிட்டேன் அதை. யாருகிட்டயும் சொல்லல. மகன்கிட்டயும்தான்.

அந்தக் கேள்வியைக் கோச் கேட்டபோதுதான் புரிந்தது, மூன்று நாளாக நான் எதைச் செய்துகொண்டிருந்தேன் என்று. அந்தச் சட்டையைத்தான் திரும்பத் திரும்ப நனைத்திருக்கிறேன். என் பிள்ளை மேல் போட்டு.

"தண்ணி சார்" என்றேன். "அது வேர்வை இல்ல. குழாய்த் தண்ணி. நான்தான் ஊத்தினேன். அவனுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"எதுக்கு?"

"கனமா இருந்தாத்தான் வச்சுக்குவீங்கன்னு சொன்னாங்க."

"யாரு?"

ரேடியோ பெயரைச் சொல்லவில்லை. அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வேர்வைங்கறது உடம்பு வாகும்மா. யாருக்கு எவ்வளவு தண்ணி குடிக்கக் கொடுக்கணும்னு பாக்கத்தான் நிறுக்கச் சொன்னேன். யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

"நான் கேக்கல சார்."

"நாங்களும் சொல்லல." பிறகு சொன்னார், "பரிசோதனை நடக்கட்டும். எப்படியும் ஒரு தடவை பாக்க வேண்டியதுதான். ஆனா சனிக்கிழமை ஆட்டம் போனது போனதுதான். திருப்பி வைக்க முடியாது. பதினாலாம் நம்பர் பைய இனி நீங்க நிறுக்காதீங்க."

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அப்பாடா.

மகனிடம் நானே சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் ஓடலன்னு நீயே முடிவு பண்ணிட்டியாம்மா?" என்றான். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மை.

ஜூலை 17, வியாழன்

பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான். தட்டைத் தானே கழுவி வைக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ரேடியோ அழுதுவிட்டாள். "என் வாயில கொள்ளி வைக்க. இனிமே ஒரு சேதி சொல்ல மாட்டேன் அக்கா" என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து, கோல்கீப்பர் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொன்னாள்.

ஜூலை 19, சனி

இரண்டாவது தேர்வு ஆட்டம். கடைசி நாற்பது நிமிஷம் விட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஜெர்சி அறையில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டேன். சத்தத்தில் என்ன தெரியும்?

சாயங்காலம் அவன் சலவை அறைக்கு வந்தான். ரேடியோ வெளியே நழுவினாள். அவனிடம் அவன் அப்பாவின் சட்டையைப் பற்றிச் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். துவைத்ததையும்.

நின்றுகொண்டே கேட்டான். பிறகு ஜெர்சியைக் கழற்றினான். உள்ளே இருந்த பனியனையும் கழற்றி என் கையில் வைத்தான்.

"தொட்டுப் பாரும்மா."

தொட்டேன். புல் ஒட்டியிருந்தது, முழங்கைப் பக்கம் மண். கழுத்துப் பட்டி மட்டும் கொஞ்சம் ஈரம். பாக்கியெல்லாம் காய்ந்திருந்தது.

"நாற்பது நிமிஷமும் ஓடினேன். காஞ்சிருக்கா? தினமும் பாத்துக்கோ. பயந்தா வந்து தொட்டுப் பாத்துக்கோ. தண்ணி மட்டும் ஊத்தாத தாயே."

தாயே என்றானே. போதும்.

ஜூலை 21, திங்கள்

நாளைக்கு உறை வரும். அவருடைய திருப்புளியைத் தேடி எடுத்து வைத்தேன். பிடியில் அவர் சுற்றிய துணி நாடா இன்னும் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

திருகாணி துருப்பிடித்திருந்தது.

ஒன்பது தகடு. அதில் எட்டாம் நம்பரும் ஒன்று, கேப்டனுடையது. நான் வந்த எட்டு வருஷமும் இந்த கிளப்பின் கனமான பை அவருடையதுதான். பிறகு அவரே வந்தார். சுவரைப் பார்த்தார். "அக்கா, அந்தத் தகட எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டார். துடைத்துக் கொடுத்தேன். "உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா முன்னாடியே மூஞ்சில தெரிஞ்சிருக்கும். அவருக்கு மறைக்க வராது" என்றார். எனக்குத் தெரியாத விஷயம் அது. என்னிடம் மறைத்தாரே.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இருபத்தைந்து பைதான் இப்போது. வேலை சீக்கிரம் முடிகிறது.

இருபத்துநாலு பையை நான் நிறுத்தேன். மிச்சம் ஒன்றை ரேடியோ தராசில் வைத்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன், பேச்சு அப்படி.

"அக்கா, இந்தப் பைக்குள்ள துணி இருக்கா, இல்ல வெறும் பையா?"

"எவ்வளவுடி?"

"ஐந்நூத்து அறுபத்தஞ்சு. தேறாது உங்க பிள்ள."

எழுதிக்கொண்டேன். எண் நேராக வந்தது. பிறகு நாடாவை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு, பனியனைத் தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்துதான் இருந்தது.