அடிக்காமல் விளையாடிய ஞாயிறு

நேற்று சாயங்காலம் என் மகன் வீடியோ கேமில் தோற்றுப்போய் ஜாய்ஸ்டிக்கை சோபாவில் வீசி எறிந்துவிட்டு வெளியே போனான். அந்த வீச்சைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் என் கோபம். ஆள் இல்லாத நேரம் பார்த்து அதைக் கையில் எடுத்து, அவனைத் தோற்கடித்த அதே அரக்கனோடு நான் மோதிப் பார்த்தேன். பயல் திரும்பி வந்து எனக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது.

"இன்னாம்மா, எல்லா அடிக்கும் நவுந்துகினே கீற? மேல லெஃப்ட்ல தடுக்கறதுக்கு ஒரு பட்டன் கீது. அத தொடவே மாட்டேன்றியே" என்றான்.

பார்த்தேன். என் இடது கை ஆள்காட்டி விரல் காற்றில் சும்மா நின்றுகொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் அப்போதே உனக்குப் போன் போட்டிருப்பேன். இல்லாததால் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பெருமாள் கோயிலில், கோயிலுக்குப் பின்தெருவில், நம் இருவருக்கும் ஒரே அறை. காரின் உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டும் தொழிற்சாலையில் இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். நீ மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். நான் வேடந்தாங்கல் ஏரிப் பக்கம். முதல் நாளே கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டோம். "எங்கியோ பொறந்த கொக்கு பறந்து வர்ற ஊர்ல பொறந்துட்டு, உனக்கு ஜன்னல்ல இன்னாடி வேடிக்க?" என்று கேட்டாய். அன்று சாயங்காலமே ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

அந்த கேம் பெட்டி வந்த கதை உனக்கு நினைவிருக்கும். உன் அண்ணன் ஓட்டலில் வேலை பார்த்தபோது, மாதக்கணக்கில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் சூட்கேஸில் இடமில்லை என்று அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வருடம் அது உங்கள் வீட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பொங்கல் லீவு முடிந்து வரும்போது கட்டைப்பையில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்து நீ எடுத்து வந்தாய். முதல் ஒரு மாதம், பெட்டி சூடேறினால் அறை முழுக்க நெத்திலி வாசம். இருந்தது ஒரே ஒரு சி.டி. அதில் எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமித்து வைக்கும் கார்டு கிடையாது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கின் இடது மேல் பொத்தான் உப்புக்காற்றில் துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று நாம் கேட்கவே இல்லை.

வாள் ஏந்திய ஒருத்தி வாசல் வாசலாகப் போய்க் காவல்காரர்களை வெல்ல வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். முதல் இரண்டு வாசலைக் கண்டபடி அமுக்கியே தாண்டிவிட்டோம். மூன்றாவது வாசலில் நீளக் கத்தியோடு ஒருவன் நின்றான். கல் மாதிரி அசையமாட்டான். நாம் தப்பு செய்தால் மட்டும் வருவான். "நம்ம சூப்பர்வைசரு மாரியே கீறான்டி" என்றாய். அன்றிலிருந்து அவன் பெயர் சூப்பர்வைசர்.

அப்போது எனக்கு விளையாட்டு ஒரு கேடா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்ல முடியாது. பயிற்சி முடிவில் ஒரு தேர்வு. மணி அடித்ததும் போர்டில் அத்தனை ஒயரையும் அதனதன் துளையில் செருகி, டேப் சுற்றி, அடுத்த மணிக்குள் முடிக்க வேண்டும். ஒரு ஒயர் மாறினாலும் போச்சு. நீ முதல் தடவையே தேறினாய். நான் இரண்டு தடவை தோற்றிருந்தேன். மூன்றாவதும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். "வேலையும் பார்த்துட்ட, போதும் வா" என்று சொல்ல அப்பா காத்திருந்தார். திரும்பிப் போனால் வீட்டு வாசலை விட்டு மறுபடி வெளியே வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். மணிச் சத்தம் கேட்டதும் என் கை என் பேச்சைக் கேட்காது. பயிற்சி அறைச் சுவரில் 'பதறாத காரியம் சிதறாது' என்று பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். அதைப் படித்தால்தான் எனக்கு இன்னும் பதற்றம்.

சூப்பர்வைசரிடம் நான் செத்துச் செத்து விழுவதை மூன்று ஞாயிறு பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "போர்டுலயும் இதே வேலதான பண்ற? ஒரு குத்து கேட்டா பத்து குத்து?"

எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு நீ சட்டம் போட்டாய். "இன்னிக்கு பூரா நீ அவன அடிக்கவே கூடாது. விலகு. அவ்ளோதான்." அடிக்காமல் எதற்கு விளையாட்டு என்று நான் கத்தினேன். நீ அசரவில்லை. நான்காவது முறை செத்ததும் ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வீசினேன். "உனக்கென்ன, நீ பாஸாயிட்ட. எனக்கு இருக்கற ஒரே லீவுல நீ வாத்தியார் வேலை பாக்கறியா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் அந்த வார்த்தைக்காக வெட்கமாக இருக்கிறது.

நீ கோபப்படவில்லை. ஜாய்ஸ்டிக்கை எடுத்து என் மடியில் வைத்தாய். "எங்க குப்பத்துல பெரிய அலை வர்றப்போ எவனும் படகு தள்ள மாட்டான். மூணு அலை போவட்டும்னு நின்னுகினு இருப்பாங்க. சும்மா நிக்கறாங்கன்னு நெனச்சிக்காத. நிக்கறதும் வேலதான்டி."

விலகினேன். மனமில்லாமல்தான் விலகினேன். மத்தியானத்துக்கு மேல் ஒன்று தெரிய ஆரம்பித்தது. அவன் கத்தியைப் பார்த்தால் ஏமாந்துபோவேன். தோளைப் பார்த்தால் எந்தப் பக்கம் வருவான் என்று முன்கூட்டியே தெரிந்தது. மூன்று வீச்சு முடிந்ததும் அவன் தோள் ஒரு கணம் தொங்கியது. "பாத்தியா, அடிக்கறவனுக்கும் மூச்சு வாங்கும்" என்று நீ என் முதுகில் ஒரு போடு போட்டாய். காலண்டர் தாளின் பின்பக்கம் அவன் அசைவுகளை நாம் எழுதினோம். தோள் உயர்ந்தால் இடது, முழங்கால் மடிந்தால் பின்னால், மூச்சு வாங்கினால் ஒரு அடி. ஒன்றே ஒன்று. இரண்டாவதுக்கு ஆசைப்பட்டால் அவன் திரும்பிவிடுவான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் நீ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணு! போதும், வா!" என்று கத்திக்கொண்டே இருந்தாய். வீட்டுக்கார அம்மா என்ன சண்டை என்று இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அவனுக்கு ஒரு அடி உயிர்தான் மிச்சம். தோள் தொங்கியது. நான் அமுக்கப்போனேன். கரண்ட் போய்விட்டது.

நான் அழுதேன். நீ பாயில் புரண்டு புரண்டு சிரித்தாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னைக் கடித்திருப்பேன்.

அந்த வாரமே தேர்வு. மணி அடித்தது. பக்கத்து போர்டுகளில் கைகள் பறந்தன. நான் என் இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு போர்டை மட்டும் பார்த்தேன். "என்னம்மா, தூக்கமா?" என்றார் பயிற்சி கொடுப்பவர். ஆனாலும் கையை எடுக்கவில்லை. இரண்டு தடவையும் நான் எங்கே மாட்டினேன் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. வலது மூலையில் மூன்று ஒயர்கள் ஒரே துளைக்கூட்டத்துக்கு நெருக்கியடித்து வந்தன. அந்த மூன்றையும் முதலில் பிரித்து வைத்துவிட்டு ஆரம்பித்தேன். ஒன்று செருகு, கையை எடு. அடுத்தது. எல்லாருக்கும் கடைசியாக முடித்தவள் நான்தான். டேப்பை வெட்டும்போது மணி அடித்தது. சோதனை விளக்கு பச்சையாக எரிந்தது.

கேன்டீன் வாசலில் நீ டீயோடு நின்றாய். பாஸா என்று கேட்கவில்லை. "எத்தினி மூச்சு நின்ன?" என்றாய். நான்கு என்றேன். உன் டீயை என் கையில் கொடுத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாய். நீ அழுததை நான் பார்த்துவிட்டேன், கள்ளி. அந்த ஞாயிறு சூப்பர்வைசரும் விழுந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு வாசல் இருந்தது வேறு விஷயம்.

உன் கல்யாணம், என் கல்யாணம் எல்லாம் ஆன பிறகு, ஒரு நாள் உன் அண்ணன் எங்கேயோ வேறு ஜாய்ஸ்டிக் பிடித்து வந்தார். உன் வீட்டில் உட்கார்ந்து பழைய சி.டி.யைப் போட்டோம். தற்செயலாக அந்த இடது பொத்தானை அமுக்கினாய். திரையில் அவள் வாளைக் குறுக்கே பிடித்து அடியைத் தடுத்து நின்றாள். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த ஆட்டத்தில் தடுப்பதற்கென்றே ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. நமக்கு மட்டும் உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் சிரித்தோம்! அப்புறம் நீ சொன்னாய்: "நல்லதுதான் போ. தெரிஞ்சிருந்தா அதுக்கு பின்னாடியே ஒளிஞ்சிகினு இருந்திருப்போம்."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த நாட்களை நீளமாக எழுத எனக்குத் தெம்பில்லை. சில நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்தாய். சில நாள் கண்ணைத் திறக்காமலே, "இன்னிக்கு விலகிகினு மட்டும் கீறேன்டி" என்றாய். நீ இன்னும் கொஞ்ச நாள் விலகிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று உன்மேல் எனக்கு வெகுநாள் கோபம். இப்போது இல்லை. நீ தந்த நாட்கள் குறைவில்லை.

இப்போது அதே தொழிற்சாலையில் பயிற்சி அறை என் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் ஒருத்தி மூன்றாவது தடவையாகத் தேர்வுக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலைக்கு வந்தவள். அதற்கு முந்தைய நாள் முழுக்க அவளை ஒயரைத் தொடவிடாமல் போர்டின் முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன். என்னைத் திட்டாத குறைதான். மறுநாள் மணி அடித்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேறிவிட்டாள்.

அப்புறம் வந்து, "இத உங்களுக்கு யாரு மேடம் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இத்தனை நாளாக யாராவது உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால், வேலை இருப்பது போல நான் எழுந்து போய்விடுவேன். அன்று போகவில்லை. உன் பெயரைச் சொன்னேன். எந்தக் குப்பம் என்று சொன்னேன். நீ எப்படிச் சிரிப்பாய் என்றும் சொன்னேன். அவள் உன் பெயரை ஒரு தடவை தன் வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.