ஒற்றை ரெக்கை மீன்கொத்தி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, ஒருவருக்குப் புத்திக்குத்தான் வைத்தியம் தேவைப்படுகிறது, யாருக்கு என்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

உன் ஹாலில் மாட்ட ஒரு மீன்கொத்தி வரைந்துகொண்டிருந்தேன் அல்லவா, வெறும் பெயிண்ட் இல்லை, பழைய பேப்பரை இறகு இறகாகக் கிழித்து ஒட்டி, மேலே அக்ரிலிக் நீலம் பூசி, வெங்காயம் வந்த வலைப்பையை ஈரப் பெயிண்டில் அழுத்தி எடுத்துத் தலையில் புள்ளி வரவைத்து, மாதக்கணக்கில் இதே வேலை. கடைசியில் இறகு உரியாமலிருக்க ஜெல் தடவினேன். தடவும்போது அது தயிர் மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும், காய்ந்தால் கண்ணாடி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டால்தானே! நான் கடைக்குப் போன நேரத்தில் உன் அப்பா, அந்த மகா மேதை, பறவை மேல் பசை கொட்டிவிட்டது என்று தானே முடிவுகட்டி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். நான் வந்து பார்த்தபோது வலது ரெக்கை துணியில் இருந்தது. ஃபாக்டரியில் காலமெல்லாம் தரம் பார்த்துத் தள்ளுபடி செய்த கையாம், ரிட்டயர் ஆனதும் வீட்டில் நான்தான் சரக்கு. என்ன காரியம் இது என்று கேட்டால், "நல்லதுக்குத்தானே செஞ்சேன், இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே" என்கிறார். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் பல் கொட்டிவிடும் போலிருக்கிறது.

அந்த "நல்லதுக்குத்தானே"யைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் போனில் நீ சொன்னதும் அதேதான். அக்கவுண்ட்ஸ் பரீட்சைக்கு இரண்டு வருஷம் படித்துவிட்டு இப்போது எழுதப் போவதில்லையாம், ராத்திரி கண் விழித்தால் உன் உடம்பு கெடும் என்கிறாராம் மாப்பிள்ளை, "நல்லதுக்குத்தானே சொல்றாரும்மா" என்றாய். அடி அசடே, ராத்திரி பத்து மணிக்கு அவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாயே, அப்போது கெடாதாமா அந்த உடம்பு? அவ்வளவு அக்கறை இருந்தால் இஸ்திரிப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திற. உன் அப்பாவின் அக்கறையில் நான் விட்டவற்றை எழுத உட்கார்ந்தால் பேப்பர் போதாது, அந்த வரிசையில் நீயும் வந்து நிற்க வேண்டாம்.

நான் படம் வரையப் போகிற வகுப்பின் டீச்சர், புதுப் பேப்பர் ஒட்டிப் பூசினால் தெரியவே தெரியாது என்றாள். தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். மேல்வீட்டுக்காரர் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறார், அவரிடம் படத்தை அப்படியே கொடுத்தனுப்புகிறேன், நீ படிக்கிற மேஜைக்கு எதிரில் மாட்டு. உன் அப்பா இப்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, துடைத்த துணி சுத்தமான துணிதான் என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே. நினைத்தது நடந்து, நன்றாக இருப்பாய். பரீட்சைக்குப் பெயர் கொடுக்க இந்த மாதம் முடியும்வரை நேரம் இருக்கிறது, மறந்துவிடாதே. படத்தைப் பார்த்து மாப்பிள்ளை, இன்னொரு ரெக்கை எங்கே என்று கேட்பார். நல்லதுக்காக எடுத்துவிட்டார்கள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா