சேறு படாத ஷூக்கள்

காலையில் எழுந்ததும் யாருக்காக இன்னமும் பக்கத்துப் பாயைத் தொட்டுப் பார்க்கிறேனோ, அந்த ரேவதி அக்காவுக்கு,

அன்றைக்கு நான் முதலில் கவனித்தது அவர்களுடைய ஷூக்களைத்தான். உன் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரும் வரப்பில் வரிசையாக நின்றிருந்தார்கள். யார் ஷூவிலும் ஒரு பொட்டு சேறு இல்லை. வாராவாரம் உப்பளத்துக்கு வந்து போகிறவர்களின் ஷூக்கள் அவை.

அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்னதை இன்னும் மறக்காமல் இருக்கிறார்களே என்று. தப்பே அதில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், இரு. போன மழைக்காலத்தில் நான்கே நாள் காய்ச்சலில் நீ எங்களை விட்டுப் போனாய். இனிமேல் உன் காலேஜிலிருந்து யாரும் மரக்காணம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அப்படி ஆகவில்லை. பொங்கல் முடிந்து நாங்கள் பாத்தித் தரையை மிதித்து இறுக்க இறங்கிய வாரத்திலேயே காலேஜ் பஸ் வந்து நின்றது. முதல் ஆளாக இறங்கினது உன் சிநேகிதி பவித்ரா.

என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரைக்கும் நடந்தாள். அப்புறம் சொன்னாள்: "ரேவதி ஆரம்பிச்சதை நாங்க முடிச்சிடுவோம் கௌரி. ரிப்போர்ட்ல முதல் பேரு அவ பேருதான். எங்க காலேஜ் மேடமே சொல்லிட்டாங்க."

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன். அக்காவின் காலேஜும், பம்பு மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியும், அரசாங்கத் துறை ஒன்றும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட திட்டம் அது. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. வேலை நடக்கிற இடத்துக்கு வந்து, அங்கே இருக்கிற ஒரு கஷ்டத்துக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனி கருவி கொடுக்கும், அரசாங்கம் இடமும் அனுமதியும் கொடுக்கும், காலேஜ் மார்க் கொடுக்கும்.

நீ அதை வந்து சொன்ன ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் இருக்கிறதா?

"மூணு பேரும் ஒரே மேசையில உக்காந்து பேசறாங்கடி" என்றாய்.

"உப்பளத்துல மேசை எங்க போடுவாங்க? நிழலே இல்லையே" என்றேன். உனக்குப் புரையேறிவிட்டது.

எந்தக் கஷ்டத்தை எடுத்துக்கொள்வது என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது நீ யோசிக்கவே இல்லை. பாத்தியில் தண்ணீர் பக்குவமானால்தான் உப்பு வார முடியும். அது எப்போது ஆகும் என்று தெரியாமல் அம்மாவும் மற்ற பெண்களும் விடியலிலேயே வந்து வெயிலில் நிற்பார்கள். மேஸ்திரி கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வரைக்கும் நிற்க வேண்டும். "அந்தக் காத்து நிக்கிற நேரத்தை எடுத்துடணும்" என்றாய். தண்ணீரில் ஒரு கம்பம், அதில் ஒரு கருவி. தண்ணீர் ஆனதும் போனுக்குச் செய்தி வரும், அப்புறம் கிளம்பி வந்தால் போதும். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கே அது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டோடு உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்பாய். தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும்? விரலில் தொட்டால் எப்படி இருக்கும்? நான் என்ன உளறினாலும் எழுதிக்கொள்வாய். படிப்பை விட்ட பிறகு என்னை யாரும் எதையும் கேட்டதில்லை, அக்கா. நீ கேட்டாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

கருவி இந்த வருஷம்தான் வந்தது. அதை நடுவதற்கு நீ இல்லை. பிள்ளைகளே நட்டார்கள். சித்திரையில் அதைப் பார்த்து முடிவு சொல்ல மூன்று பேர் வந்தார்கள்: உங்கள் மேடம், கம்பெனிக்காரர் ஒருவர், துறை அதிகாரி ஒருவர். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த பருவத்தில் எல்லாப் பாத்திகளிலும் கம்பம் நடுவார்கள். நான் ஷூக்களைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பவித்ரா போனைக் காட்டினாள். "இருபத்திமூணு டிகிரி காட்டுது சார். இன்னும் ரெடியாகல. ஆனதும் அக்காங்களுக்கு மெசேஜ் வந்துடும்."

நான் அந்தப் பாத்தியின் ஓரத்தில்தான் உப்பு வாருகிற பலகையோடு நின்றிருந்தேன். நடுவில் உப்பு கட்டிப் போயிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. இறங்கித் தண்ணீரை விரலில் எடுத்துத் தேய்த்தேன். எண்ணெய் மாதிரி வழுக்கியது. இது ஆகாத தண்ணீர் இல்லை, ஆகி முடிந்த தண்ணீர். இன்னும் விட்டால் கசப்பு இறங்கி, பாத்தி உப்பு மொத்தமும் வீணாகிவிடும்.

பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிற அஞ்சலை அத்தை பார்த்துவிட்டாள். "இன்னாடி, தண்ணிய தடவிக்கினு நிக்கிற? போன்லதான் இன்னும் ஆகலன்னு காட்டுதாமே."

"போன் தப்பா சொல்லுது அத்தே."

"வாய மூடு. அது உங்க அக்கா பேரு போட்ட மெஷினு. இப்ப நீ போய் இதைச் சொன்னா கம்பெனிக்காரன் கழட்டி எடுத்துக்கினு போயிடுவான். அப்பால அவ பேரு எங்கடி இருக்கும்?"

அத்தை சொன்னது பொய் இல்லை. உன் பெயர் இன்னும் இருப்பது இரண்டே இடத்தில்: வீட்டு ரேஷன் கார்டில், அந்த ரிப்போர்ட்டில். ரேஷன் கார்டிலும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேசாமல் இருந்தால் ரிப்போர்ட்டில் நீ இருப்பாய்.

ஆனால் அடுத்த வருஷம்? எல்லாப் பாத்தியிலும் உப்பு கசந்து, இத்தனை பெண்களும் "ரேவதி வெச்ச மெஷினு" என்று சொன்னால்? அது இதைவிட மோசம் இல்லையா, அக்கா?

வரப்பேறிப் போய் மேடத்துக்குப் பின்னால் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அவர் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

"மேடம், அங்க இல்ல. நடுவுல பாருங்க."

அதிகாரி திரும்பினார். "யாரும்மா இது?"

"ரேவதியோட தங்கச்சி சார். அது பேசாது சார்" என்றார் மேஸ்திரி.

"இப்பதான பேசுச்சு" என்றார் மேடம்.

நான் பாத்திக்குள் இறங்கி நடுவிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வந்தேன். மேஸ்திரி குழாயை மிதக்கவிட்டார். இருபத்தொன்பது. இருபத்தைந்து தாண்டினாலே உப்பு வாரலாம்.

"அப்ப எங்க கருவி தப்புன்னு சொல்றியாம்மா?" என்று கம்பெனிக்காரர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லிங்க. அது சரியாத்தான் காட்டுது. மடை ஓரமா நிக்குதுல்ல, அங்கதான் புதுத் தண்ணி வந்து விழும். அது லேசா இருக்கும். நடுவுல இருக்கறது பழைய தண்ணிங்க."

மேடம் பவித்ராவைப் பார்த்தார். "மடை ஓரத்துல ஏன் நட்டீங்க?"

"வரப்புலேர்ந்து கை எட்டற இடம் அதுதான் மேடம். பாத்திக்குள்ள யாரும் இறங்கக் கூடாதுன்னு..." அவள் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பார்த்தாயா? உன் சிநேகிதி உன்னை மாதிரியே.

அவர்கள் முதல் முதலாக வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஒரு பையன் ஷூவோடு பாத்தியில் கால் வைக்கப் போனான். பத்து நாள் மிதித்து மிதித்து இறுக்கின தரை அது. ஷூ குதி பட்டால் பொத்துக்கொண்டு அடியிலிருக்கிற கறுப்புச் சேறு மேலே வரும், உப்பு அழுக்காகிவிடும். யாரோடும் பேசாத நான் "இறங்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "ஐயோ, என் தங்கச்சி வாயத் தொறந்துட்டா!" என்று நீ குதித்தாய். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கலாம் என்கிற மீதியை நான் சொல்லவே இல்லை. வெட்கம். நீ சொல்லிக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன். நீயும் அப்புறம் நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பாய்.

"நான்தான் மேடம் சொன்னேன். பாதிதான் சொன்னேன். வெறுங்கால்ல இறங்கலாம்" என்றேன்.

 மேடம் குனிந்து செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். "யம்மா, சுடுதே!" என்றார். கம்பெனிக்காரர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார்.

"பாத்து சார், கால்ல புண்ணு இருந்தா உப்பு கடிக்கும்" என்று அத்தை அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

கம்பத்தைப் பிடுங்கி நடுவில் நட்டோம். பவித்ராவும் நானும் பிடித்துக்கொண்டோம். அதிகாரி அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. இடத்தை மாற்றியிருக்கிறார்கள், ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதிவிட்டுப் போனார். 

ஒரு நாள் காலை, நான் வீட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அத்தை போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தாள். "ஏய் கௌரி, ரேவதி கூப்பிடறாடி. கிளம்பு" என்றாள். வாளியைக் கீழே வைத்தேன். அம்மா அவசரமில்லாமல் தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் போனபோது தண்ணீர் சரியான பதத்தில் இருந்தது.

இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். செய்தி வந்தால் "ரேவதி கூப்பிட்டாச்சு". கையெழுத்தும் போட்டாகிவிட்டது. உன் பெயர்தான் முதலில் இருக்கிறது.

உன் நோட்டை போன வாரம் பவித்ரா கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியாக எழுதின பக்கத்தில் பாத்தியின் படம். கம்பம் எங்கே என்று கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் "கௌரியைக் கேட்கணும்" என்று எழுதியிருக்கிறாய். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்க நினைத்தாயே, அது போதும் எனக்கு.

அடுத்து வருகிற புது மாணவர்களுக்கு உப்பளத்தைப் பற்றி வந்து சொல்ல வேண்டும் என்று மேடம் என்னைக் காலேஜுக்குக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன். "உங்க அக்கா நோட்டுல எழுதினதைத்தான் நான் செய்யறேன்" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். உன் பெயரில் நிற்கப்போகிற கம்பம் ஒவ்வொன்றையும் நான் போய்ப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்ததை இனிமேல் பாதியில் நிறுத்தமாட்டேன்.

நேற்று பஸ் ஏறிப் போனேன். உன் லேப் வாசலில் செருப்பை வெளியே விடச் சொல்லி எழுதியிருந்தது. புதுப் பிள்ளைகளின் ஷூக்கள் வரிசையாக இருந்தன. என் செருப்பில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உன் கூடப் பிறந்தவள்,
கௌரி