ஒரு வருஷ வார்த்தைப்பாடு

எங்கள் வீட்டுக்கு லூர்தாகவும் ஊருக்கு சிஸ்டராகவும் இருந்த என் அக்காவுக்கு,

உன்னைப் புதைத்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. இன்று ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பார்த்தேன். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. மறுபடி மறுபடி ஏற்றினேன். ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் நின்று சண்டை போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் எழுதுகிறேன்.

உன் முப்பதாம் நாள் பூசையில் நிறையப் பேர் பேசினார்கள். தாம்பரத்தில் எத்தனை ஆண்டு ஆசிரியை, தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் உட்காராமல், பெரும்பாக்கம் குடியிருப்பில் படிப்பை விட்ட பிள்ளைகளைத் தேடித் தேடிப் பள்ளியில் சேர்த்தவர். எல்லாம் உண்மை. கேட்கக் கேட்க யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. என் அக்கா அதில் வரவே இல்லை.

பஸ் ஸ்டாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? மடத்தைப் பொறுத்தவரை நீ சாயங்கால ஜெபத்துக்குத் தாமதமாக வருகிற சிஸ்டர், அவ்வளவுதான். மதர் கோபித்துக்கொண்டதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாய். ஏன் தாமதம் என்று நானும் கேட்டதில்லை. அதை எனக்குச் சொன்னவள் மல்லிகா.

மல்லிகாவின் மகள் பவித்ரா பிளஸ் டூ. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். அவளை உன் பழைய பள்ளியில் நீதான் சேர்த்தாய். நீ போன சில வாரங்களில் அவள் நின்றுவிட்டாள். வகுப்பு டீச்சர் என்னைத் தேடிப்பிடித்து, நீங்க சிஸ்டரோட தங்கச்சிதானே, ஒரு தடவை போய்ப் பேசிப் பாருங்கள் என்றார். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூச்சு வாங்க ஏறினேன். மல்லிகா கதவைத் திறந்து என் முகத்தையே பார்த்தாள். உன் மூக்கு எனக்கும் இருக்கிறதே.

"வா சிஸ்டர், உக்காரு."

"நான் சிஸ்டர் இல்லங்க. சிஸ்டரோட சிஸ்டர்."

"அப்ப நீ டபுள் சிஸ்டரு," என்று சிரித்தாள்.

நான் பேச ஆரம்பித்தேன். காலேஜ், நர்சிங், அரசாங்க உதவித்தொகை, பெண் பிள்ளைக்குச் சொந்தக் கால். அவள் அவரைக்காயை நறுக்கியபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"படிப்பு வாணாம்னு நா எப்பக்கா சொன்னேன்? ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சி அது எறங்கறப்போ இருட்டிடுது. ஸ்டாப்புலேர்ந்து இங்க வரிக்கும் ஒரு லைட்டு எரியாது. நடுவுல ஒயின் ஷாப்பு வேற கீது. நா டியூட்டில இருப்பேன். சிஸ்டர் இருந்த வரிக்கும் டெய்லி ஸ்டாப்புல நின்னுகினு இருந்து, எல்லாப் பொண்ணையும் வூடு வரிக்கும் இட்டாந்து வுட்டுச்சு. இப்ப ஆரு இட்டார்றது? அத்த சொல்லு."

உன் தாமதத்துக்கான காரணம், அக்கா, அவரைக்காய் நாரோடு என் முன்னால் கிடந்தது.

சமையலறை வாசலில் சாய்ந்து நின்ற பவித்ரா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளிக்கி வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. பாதில வுட்டுட்டாங்க."

செத்தவங்கள அப்படிச் சொல்லாதடி என்று மல்லிகா அதட்டினாள். எனக்கோ அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நீ போன அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலிருந்து மடத்துக்குத் திரும்பி, சாப்பிட உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய். எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். உன்மேல் கோபப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நான் வேலை பார்க்கும் திருமுடிவாக்கம் கம்பெனியில் ஒருவர் பில்லில் இன்னொருவர் பெயரை அடித்தேன். தாம்பரத்தில் என் பஸ் வந்து நின்றும் ஏறாமல், மேடவாக்கம் வழியாகப் போகும் பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, "என்ன, நீயும் மடத்துல சேரப் போறியா?" என்றார். இந்த வயதில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "சேர்த்தாலும் இந்த சாம்பாரச் சாப்பிட்டுட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க."

சிரித்தேன். ஆனாலும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நிற்கவில்லை. நான் எதையும் முழுசாகச் செய்தவள் இல்லை, உனக்குத் தெரியும். தையல் வகுப்பு பாதி, இந்தி பாதி. உன் இடத்தில் அந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக நாலு நாள் போய்விட்டு நின்றால் அந்தப் பெண்ணை இரண்டாம் தடவை பாதியில் விட்டதாகும். போகாமலே இருப்பது அதைவிட மரியாதை இல்லையா? உன்னைப்போல் கடவுளின் அழைப்பு வந்தவள் இல்லையே நான்?

அப்போதுதான், கன்னியாஸ்திரியாக நீ வாக்குக் கொடுத்த அந்த முதல் வார்த்தைப்பாடு ஞாபகம் வந்தது. எனக்குப் பாவாடை நாடா கட்டத் தெரியாத வயது. பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, ஒரு வருஷத்துக்கு என்று நீ சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. புது உடுப்பில் நீ வெளியே வந்தபோது அப்பா, "வாங்க சிஸ்டர்" என்றார். உன் முகம் என்னவோபோல் ஆனது. நான் ஓடி வந்து நீ, வா, போ என்றேன். கடைசிவரை அதை மாற்றவில்லை.

ஒரு வருஷம்தான், அப்புறம் எங்க அக்கா வந்துடும் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பீரோவில் உன் தட்டை யாருக்கும் விடவில்லை. வருஷம் கழிந்து நீ விடுமுறைக்கு வந்தாய். முடிஞ்சுதா என்று கேட்டேன்.

"முடிஞ்சுது பாப்பா. இன்னொரு வருஷம் கேட்டிருக்கேன்."

விடுமுறை முடியும்வரை உன்னோடு பேசவில்லை. முதலில் இப்படி வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள், பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வருஷங்களில் உனக்கே நிச்சயமாகத் தெரியுமா, அக்கா? அல்லது நீயும் ஒவ்வொரு வருஷமாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாயா? இதை உயிரோடு இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை.

நேற்று மறுபடி மல்லிகா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை காலேஜ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை முடிந்து தாம்பரம் வந்துவிடுவேன், பவித்ராவும் மற்றப் பிள்ளைகளும் ஏறும் அதே பஸ்ஸில் ஏறி, வீட்டு வாசல்வரை வருவேன், ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் முடியும் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. மல்லிகா யோசித்தாள். ஒரு நாள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதாகவும், இன்னொரு நாளைக்குக் கீழ் வீட்டுப் பெண்ணின் அம்மாவைக் கேட்பதாகவும் சொன்னாள். அவ்வளவு எளிதாகவா என்று இருந்தது.

பவித்ரா எளிதாக விடவில்லை.

"எத்தினி நாளிக்கி?"

"உன் பரீட்சை வரைக்கும். அதுக்கு மேல இப்ப எனக்குத் தெரியல."

"சிஸ்டரா இருந்தா எப்பவும்னு சொல்லிருப்பாங்க."

"அவங்களும் மொதல்ல ஒரு வருஷம்னுதான் சொன்னாங்க," என்றேன். "நான் பக்கத்துலயே இருந்து கேட்டேன்."

அவள் உள்ளே போய்ப் புத்தகப் பையை எடுத்துவந்து ஜன்னல் கம்பியில் தட்டினாள். இரண்டு மாதத் தூசி பறந்தது. மல்லிகா இருமிக்கொண்டே திட்டினாள்.

நாளை திங்கள்கிழமை. மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, ஸ்டாப்பில் தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். நீ என்ன செய்தாய்? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாயா? ஒயின் ஷாப் வாசலில் நிற்கிறவர்கள் உன் உடுப்பைப் பார்த்து ஒதுங்கியிருப்பார்கள். என் சுடிதாருக்கு ஒதுங்குவார்களா? பயமாகத்தான் இருக்கிறது.

நித்தியத்துக்கு என்று எதையும் என்னால் சொல்ல முடியாது, அக்கா. அந்தப் பெண் பரீட்சை எழுதி முடிக்கும்வரை என் நாட்களில் அந்த பஸ்ஸில் இருப்பேன்; இது உனக்கு நான் கொடுக்கும் வார்த்தை. முடிந்ததும் உன்னிடம் வந்து சொல்கிறேன். இன்னொரு வருஷம் கேட்பேனா என்று மட்டும் இப்போது கேட்காதே.

உன் பாப்பா,
மல்லிகாவுக்கு டபுள் சிஸ்டர்,
பாத்திமா